முதல் செத்தவீடு: கிராமத்துச் சபைக்குப் புதிதாகப் போகும் போதகர்களுக்கு

இறையியல் கல்லூரியில் அடக்க ஆராதனை நடத்தும் முறையைப் படிப்பித்தார்கள். எந்த வசனம், எந்த ஒழுங்கு, குழியடியில் எங்கே நிற்பது எல்லாம் சொல்லித் தந்தார்கள். குழி வெட்டுகிறவருக்கு விடிய எத்தனை மணிக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருபத்தெட்டுக் குடும்பங்கள் உள்ள ஒரு சின்னச் சபைக்கு நான் போய் மூன்றாம் கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை விடியப்புறம், ஆச்சி ஒருவர் வீட்டில் இறந்துபோனார். நான் வேதப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கட்டிலடியில் இருந்து ஜெபித்தேன், மகளோடு சேர்ந்து அழுதேன், பத்து மணிவரைக்கும் அதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் விதானையார் (கிராம அலுவலர்) ஏதோ கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார், குழி வெட்டுகிறவர் வேறு ஊருக்குக் கூலிக்குப் போய்விட்டார். அடுத்த நாள் பின்னேரம் மூன்று மணிக்கு அடக்கம் என்று ஒலிபெருக்கியில் சொல்லியாயிற்று. பெட்டி குழிக்குள் இறங்கியபோது மணி ஆறே முக்கால். மூன்று பெடியள் கைத்தொலைபேசி வெளிச்சம் பிடிக்க, நான் புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தேன்.

அதற்குப் பிறகு ஆறு வருடம், நாற்பது அடக்கம் அளவில் வந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பிழை விட்டுத்தான் அடுத்ததைப் படித்தேன். நீங்கள் அதே பிழைகளை முதலில் இருந்து விடத் தேவையில்லை என்பதால் எழுதுகிறேன். இது தாள், காசு, நேரம் பற்றிய கட்டுரை. பிரசங்கம் உங்களுக்குத் தெரியும்.

1. தொலைபேசி வந்ததும் நாலு கேள்வி

செய்தி வரும் நேரம் பெரும்பாலும் விடியப்புறமாகத்தான் இருக்கும். சொல்பவர் அழுதுகொண்டிருப்பார். பொறுமையாகக் கேளுங்கள்: எங்கே இறந்தார், வீட்டிலா ஆஸ்பத்திரியிலா? ஏற்கெனவே வருத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவரா, திடீரென்று நடந்ததா? வீட்டில் முடிவு எடுக்கிறவர் யார்? வெளிநாட்டிலிருந்து யாராவது வர வேண்டுமா?

மூன்றாவது கேள்வியைத்தான் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். அழுகிற மகளிடம் நீங்கள் எல்லாவற்றையும் கதைத்து முடித்திருப்பீர்கள், மத்தியானம் கொழும்பிலிருந்து மூத்த மருமகன் வந்து இறங்கி எல்லாவற்றையும் மாற்றுவார். அவருடைய இலக்கத்தை முதலே வாங்கி, நீங்களே ஒருதரம் கதையுங்கள். நீங்கள் கேட்டதே அவருக்குப் போதும், பாதிப் பிரச்சினை அதோடு இல்லாமல் போகும்.

போன கையோடு ஜெபியுங்கள். பத்து நிமிடம். பிறகு சபையில் ஓடித்திரியக்கூடிய இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஒருவரை விதானையார் வீட்டுக்கும் மற்றவரைக் குழி வெட்டுகிறவர் வீட்டுக்கும் அனுப்புங்கள். ஏழு மணிக்கு முன் அனுப்ப வேண்டும். அழுவதற்கும் ஆறுதல் சொல்வதற்கும் பகல் முழுக்க இருக்கிறது.

2. எங்கே இறந்தார் என்பதை வைத்துத்தான் தாள்

வீட்டில், வருத்தத்தில் இறந்தவர் என்றால் முதல் தாள் கிராம அலுவலருடைய அறிக்கை. அதன் படிவ இலக்கம் பி-24. விதானையார் வந்து பார்த்து, கேட்டு எழுதித் தருவார். கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரியில் விடுவிக்கும்போது கொடுத்த துண்டுகள், கடைசியாக எழுதிய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இறந்ததற்கு என்ன காரணம் என்று எழுத அவருக்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். கொப்பி இல்லாமல் 'வயசுதான் ஐயா' என்று சொன்னால் அவர் யோசிப்பார். யோசிப்பது அவருடைய கடமை, அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் இறந்தால் வைத்தியர் மரணத்தின் காரணத்தை எழுதித் தருகிற படிவம் பி-33. இங்கே பெரிய பொறி ஒன்று உண்டு. இறப்பு நடந்த இடத்துக்குரிய பதிவாளரிடம்தான் பதிய வேண்டும், இறந்தவர் குடியிருந்த ஊருக்குரியவரிடம் இல்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இறந்தவரை உங்கள் கிராமத்துப் பதிவாளர் பதிய மாட்டார். தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் இறந்தாலும் அதே கதைதான். எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால், பிரேத அறையில் உடலை வாங்கின உடனே எல்லாரும் ஒரே வானில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பிறகு சட்டைப் பைக்குள் மடங்கிக் கிடக்கிற பி-33 ஐக் கொண்டு அடுத்த நாள் ஒருவர் திரும்ப ஓட வேண்டும், அன்றைக்குத்தான் அடக்கம். உடலோடு நாலு பேர் வரட்டும். இறந்தவரின் அடையாள அட்டையோடு ஒருவர் அங்கேயே நின்று பதிவை முடித்துக்கொண்டு வரட்டும்.

மூன்றாவது வகைதான் கடினமானது. கிணற்றில் விழுந்தவர், பனையால் விழுந்தவர், பாம்பு கடித்தவர், றோட்டில் அடிபட்டவர், இரவு சாப்பிட்டுப் படுத்து விடிய எழும்பாத நாற்பது வயதுக்காரர், தானாக உயிரை விட்டவர். இந்த இடங்களில் பொலிசுக்கு அறிவித்து, திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்க்க வேண்டும். தேவையென்றால் உடல் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்குப் போகும். அதுவரை குளிப்பாட்டாதீர்கள், உடுப்பு மாற்றாதீர்கள், இடம் மாற்றாதீர்கள், மலர்ச்சாலைக்காரரை (பெட்டி, வாகனம் எல்லாம் ஒழுங்கு செய்கிறவரை) கூப்பிட்டு எம்பாம் செய்ய, அதாவது உடல் பழுதாகாமல் மருந்து ஏற்ற, விடாதீர்கள். அடக்க நேரத்தையும் அறிவிக்காதீர்கள். உடல் எப்போது கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

ஒருமுறை ஒரு தகப்பன் என்னை வளவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், வேலியடியில் நின்று, "ஐயா, நீங்கள் சொன்னால் கேட்பினம், நெஞ்சுநோ எண்டு சொல்லுங்கோ" என்று கையைப் பிடித்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. பொலிசார் வந்தபோது அவர் பக்கத்தில் நின்றேன், விசாரணை முடியும்வரை நின்றேன், அடக்கத்தில் எந்தக் குறையும் இல்லாமல் மணி அடித்துக் கோயிலுக்குள் கொண்டுவந்தேன். சபையில் இரண்டு பேர் அதற்காக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தார்கள். இருக்கட்டும்.

3. பதிவாளரிடம் போகும்போது

வீட்டில் நடந்த இறப்பை 5 நாளுக்குள் பிறப்பு இறப்புப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். பதிவுக்குக் காசு இல்லை. 3 மாதம் கடந்துவிட்டால் காலம் கடந்த பதிவாகிவிடும், சத்தியக் கூற்று, பிரதேச செயலகம் என்று அலைய வேண்டிவரும். கிராமங்களில் பதிவாளர் தன் வீட்டு விறாந்தையிலேயே கந்தோரை வைத்திருப்பார், சில நாட்களில் வேறு இடத்தில் இருப்பார். எந்த நாள் எங்கே என்று ஆள் சாகும் முன்னரே, அதாவது நீங்கள் ஊருக்கு வந்த முதல் கிழமையே, கேட்டு எழுதி வையுங்கள். பூரணை நாளும் நீண்ட விடுமுறையும் சேர்ந்து வந்தால் அந்தத் தகவல் பொன்.

கொண்டுபோக வேண்டியவை: பி-24 அல்லது பி-33, இறந்தவரின் தேசிய அடையாள அட்டை, கிடைத்தால் பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும், தகவல் கொடுப்பவரின் அடையாள அட்டை. தகவல் கொடுப்பவர் கிட்டின உறவாக இருப்பது நல்லது. நீங்கள் போய் நிற்காதீர்கள். இறந்தவரின் தாய் தகப்பன் பெயர், பிறந்த இடம், தொழில் எல்லாம் கேட்பார்கள், உங்களுக்கு எங்கே தெரியும்? எங்கே அடக்கம் என்றும் கேட்பார்கள், ஆகவே சேமக்காலை (அடக்கம் செய்யும் நிலம்) எது என்பது அதற்கு முன் முடிவாகியிருக்க வேண்டும்.

இனி நான் விட்ட பெரிய பிழை. இது போதகர்கள் மட்டுமே விடக்கூடிய பிழை. அந்த முதல் ஆச்சியின் பெயர் (மாற்றிச் சொல்கிறேன்) அடையாள அட்டையில் இராசம்மா. ஞானஸ்நானப் பெயர் எலிசபெத். கோயில் பதிவேட்டில் எலிசபெத், நாங்கள் எல்லாரும் கூப்பிட்டது எலிசபெத் ஆச்சி. மகன் பதிவாளரிடம் போக முன் என்னிடம் வந்து "எந்தப் பெயர் ஐயா குடுக்கிறது?" என்று கேட்டான். நான் பெருமையோடு 'எலிசபெத் இராசம்மா' என்று துண்டில் எழுதிக் கொடுத்தேன். காணி உறுதியில் இராசம்மா, வங்கிப் புத்தகத்தில் இராசம்மா, மரணச் சான்றிதழில் மட்டும் எலிசபெத் இராசம்மா. அந்தப் பிள்ளைகள் வங்கியிலும் நொத்தாரிசிடமும் இது இருவரல்ல ஒருவர்தான் என்று காட்ட எட்டு மாதம் அலைந்தார்கள். என் கையெழுத்துத் துண்டை அந்த மகன் இன்னும் வைத்திருக்கிறானோ தெரியாது, என்னைக் கண்டால் சிரிப்பான்.

ஆகவே அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே. ஞானஸ்நானப் பெயரைக் கல்லறையில் எழுதலாம், அங்கே ஒரு வங்கியும் வந்து பார்க்காது. பதிவாளர் எழுதி முடித்ததும், கையெழுத்து வைக்க முன், வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'ண'வும் 'ன'வும் மாறினாலும் திருத்தச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் திருத்துவது ஒரு நிமிட வேலை. பிறகு திருத்துவதற்கு விண்ணப்பம், ஆதாரம், காத்திருப்பு.

பிரதிகள் ஐந்தாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வங்கி, ஓய்வூதியம், காணி, காப்புறுதி, வெளிநாட்டுப் பிள்ளைகள் என்று ஆளுக்கொன்று போய்விடும். சான்றிதழ் தமிழில் இருப்பதால் வெளிநாட்டுக்கு அனுப்ப ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும். ஆங்கிலம் தெரிந்த வாத்தியார் செய்தது எடுபடாது.

4. நாள் குறிப்பது, எம்பாம், பெட்டி

வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவதாக இருந்தால் நாள் குறிக்கும் சண்டை நிச்சயம். கனடாவில் ரிக்கற் எடுத்து, கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து வான் பிடித்து வர இன்னும் ஏழெட்டு மணித்தியாலம். 'இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்' என்று தள்ளிக்கொண்டே போகும். எம்பாம் செய்த உடல் சில நாள் தாங்கும்தான், ஆனால் சித்திரை வைகாசி வெயிலில் தகரப் பந்தலுக்குக் கீழே, நாலு பக்கமும் சனம் நிற்கும்போது, மூன்றாம் நாளே விளங்கத் தொடங்கிவிடும். நான் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம் என்று சொல்வேன். ரிக்கற் கையில் இருந்தால் பார்ப்போம், ரிக்கற் பார்க்கிறோம் என்றால் காத்திருக்க ஏலாது. கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்கும். அந்த மூன்று நாளும் நித்திரையில்லாமல் தேத்தண்ணீர் ஊற்றுகிறவள் இங்கே இருக்கிற மகள், அவளுக்காகவும் யாராவது கதைக்க வேண்டும்.

மலர்ச்சாலைக்காரரிடம் விலை கேட்கும்போது பெட்டி, எம்பாம், வாகனம், குத்துவிளக்கு, திரைச்சீலை, கதிரை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வார்கள். பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வாகனம் கோயிலிலிருந்து சேமக்காலை வரை 400 மீற்றர் ஓடுவதற்கு அந்தக் காசு தேவையா என்று வீட்டார் அப்போதுதான் யோசிப்பார்கள், தோளில் கொண்டு போகலாம். 2022 இல் விலைகள் ஏறிய பிறகு, பெட்டிக்கும் எம்பாமுக்கும் மட்டும் ஒரு லட்சத்துக்குக் கிட்டக் கொடுத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதில் பாதிக்கு முடித்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பெட்டியும் ஒரே மண்ணுக்குள்தான் கிடக்கிறது.

பெட்டி எடுத்ததும் வெளி அளவை எடுங்கள். கைபிடி உட்பட. நீளம், அகலம், இரண்டையும் ஒரு துண்டில் எழுதிக் குழி வெட்டுகிறவரிடம் அனுப்புங்கள். ஏன் என்று அடுத்ததில் வரும்.

5. குழி

இதில் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், ஏனென்றால் அடக்கம் பிந்துவது பத்துக்கு எட்டுத்தரம் இங்கேதான்.

யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல். மேலே இரண்டடி செம்மண் இருக்கும், அதற்குக் கீழே அலவாங்கு 'டங்' என்று கேட்கும். வலிகாமத்தில் என் முதல் சேமக்காலையில் இரண்டு பேர் வெட்டினால் நாலரை அடிக்குப் போக ஒரு முழுப் பகல் வேண்டும். அலவாங்கால் நெம்பி, கல்லைக் கையால் தூக்கி, பொடியைக் கடகத்தில் அள்ளி மேலே நீட்ட மற்றவர் வாங்கிக் கொட்டுவார். பின்னேரம் மூன்று மணிக்கு அடக்கம் என்றால் முதல் நாளே தொடங்க வேண்டும். அன்றைக்கு விடியத் தொடங்கினால் என் கதைதான், கைத்தொலைபேசி வெளிச்சம்தான்.

பிறகு நான் மாறிப் போன வடமராட்சிக் கரையோரச் சபையில் நேர் எதிர். மணல். அங்கே முதல் நாள் வெட்டி வைத்தால் இரவிலேயே பக்கங்கள் சரிந்து குழி பள்ளமாகிவிடும். விடிய வெட்டி, இரண்டு பக்கமும் பலகையோ பழைய தகரமோ வைத்து முண்டு கொடுக்க வேண்டும். வலிகாமத்துப் பழக்கத்தில் முதல் நாளே வெட்டச் சொல்லி அங்கேயும் சிரிப்புக்கு ஆளானேன்.

கார்த்திகை, மார்கழி என்றால் இன்னொன்று. மழைக்குக் கிணற்று மட்டம் ஏறியிருக்கும், மூன்றடியிலேயே தண்ணீர் ஊறும். பெட்டி மிதப்பதை ஒருதரம் கண்டவர் அதற்குப் பிறகு மறக்க மாட்டார். ஆழத்தைக் குறைத்து, மேலே மண்ணை உயர்த்திக் கட்டுவதுதான் வழி. இறைக்க ஒரு வாளியும் கயிறும் போதும், சின்னத் தண்ணீர் மோட்டார் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. மழைக்காலத்தில் இருட்டும் கெதியாக விழும். நாலு மணி அடக்கம் என்று குறிக்காதீர்கள், இரண்டு மணி வையுங்கள்.

அளவு. என் முதல் அடக்கத்தில் குழி உள்ளூர்ப் பெட்டிக்கு வெட்டியது, வந்தது பட்டணத்துப் பெட்டி, இரண்டு பக்கமும் பித்தளைக் கைபிடி. ஓரத்தில் இடித்து நின்றது. வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியை மேலே தூக்கி வைத்துவிட்டு, இரண்டு பேர் குழிக்குள் குதித்துக் கல்லைக் கொத்தினார்கள். அந்தக் கொத்துகிற சத்தத்துக்கு மேல் என்ன பாட்டுப் பாடுவது? பெட்டியின் வெளி அளவோடு ஒவ்வொரு பக்கமும் அரை அடி கூட்டுங்கள். கயிறு ஓடவும் இடம் வேண்டும்.

இடம். சின்னச் சேமக்காலைகளில் பாதிக் கல்லறைக்குக் கல் இல்லை. வெறும் நிலம் என்று வெட்டினால் எலும்பு வரும், பார்த்துக்கொண்டு நிற்பவர்களில் ஒருவர் "அது எங்கட பெரியப்பா" என்பார். நான் செய்தது: வந்த ஆறாம் மாதம், குழி வெட்டுகிற முதியவரையும் சபையில் வயது போன இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு சனிக்கிழமை முழுக்க நடந்து, யார் யார் எங்கே என்று கேட்டு, கணக்குக் கொப்பித் தாளில் படம் கீறினேன். பனை, வேம்பு, மதில் மூலை இதுகளை வைத்து அடையாளம் குறித்தேன். அதைப் போட்டோக்கொப்பி எடுத்துச் சபைக்குழுவிடம் ஒன்று கொடுத்தேன். அந்த முதியவர் அடுத்த வருடம் போய்விட்டார், அவர் காட்டிய இடத்திலேயே அவரையும் வைத்தோம். நீங்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்தப் படத்தைக் கீறுங்கள்.

கூலி. கடைசியாகக் கல்லுக் குழிக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 12,000 ரூபா கொடுத்தோம், மத்தியானச் சோற்றுப் பார்சல் தனி. போத்தல் கேட்பார்கள். அது பழைய வழக்கம், சில வீடுகளில் உங்களுக்குத் தெரியாமல் கொடுத்தும் விடுவார்கள். நான் வீட்டாரிடம் முதலே சொல்வது, மூடி முடித்த பிறகு காசாகக் கொடுங்கள், அதுக்குப் பிறகு அவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்பது அவர்கள் பாடு. வெட்டும்போது ஊற்றினால் குழி கோணும், இது ஒழுக்கப் போதனை இல்லை, கண்ணால் கண்டது.

சபைக்குச் சொந்தமாகச் சேமக்காலை இல்லாவிட்டால் இந்தப் பந்தி உங்களுக்கு. புதிதாகத் தொடங்கிய பல சின்னச் சபைகளுக்கு இல்லை. செத்த அன்றைக்குப் பொது மயானத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோனால் ஊரார் வழி மறிக்கிற நிலைமை வரலாம், 'எரிக்கிற இடத்தில் தாழ்க்க விட மாட்டோம்' என்பார்கள், அதற்குப் பின்னால் சமயமும் இருக்கும், சாதியும் இருக்கும். எங்கள் ஊர்களில் மயானங்கள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும், கதைக்க மாட்டார்கள். அன்றைக்கு அங்கே நின்று நியாயம் கதைத்து வெல்ல ஏலாது. ஒருவரும் சாகாத ஒரு சாதாரண நாளில் பிரதேச சபைச் செயலாளருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், பிரதி விதானையாருக்கு. அல்லது பக்கத்துப் பழைய சபையின் போதகரைச் சந்தித்து, அவர்கள் சேமக்காலையில் இடம் கேட்டு, சம்மதத்தைச் சபைக்குழுவின் கடிதமாக வாங்குங்கள். வாய்ச் சொல் போதாது. அந்தப் போதகர் மாறிப் போவார், வாய்ச் சொல்லும் அவரோடு போய்விடும்.

6. அறிவித்தல்

கோயில் மணி, ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ, உதயனிலோ வலம்புரியிலோ மரண அறிவித்தல், இப்போது வட்சப். பத்திரிகைக்குக் கொடுப்பதைப் பின்னேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாசகத்தை நீங்கள் எழுதாதீர்கள். எந்த மருமகன் பெயர் முதலில் வருகிறது என்பதில் இருபது வருடப் பகை இருக்கலாம். நேரமும் சேமக்காலைப் பெயரும் சரியா என்று மட்டும் பாருங்கள்.

7. அன்றைய ஒழுங்கு

வீட்டில் முக்கால் மணித்தியாலம், கோயிலில் அரை, குழியடியில் கால். இதுக்கு மேல் போனால் வெயிலில் யாராவது மயங்கி விழுவார்கள்.

நேரத்தைக் கொல்வது இரங்கலுரைகள். பள்ளிக்கூட அதிபர், சனசமூக நிலையத் தலைவர், அந்தப் பக்கம் தற்செயலாக வந்த அரசியல்வாதி எல்லாரும் ஒலிவாங்கியைப் பிடிப்பார்கள். மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், எல்லாம் வீட்டில், பெட்டி மூட முன். பெயர்களை வீட்டார் எழுதித் தரட்டும். ஒலிவாங்கி உங்கள் கையில் இருக்கட்டும், மற்றவரிடம் கொடுத்தாலும் வயரின் மறுமுனை உங்கள் ஆளிடம் இருக்கட்டும்.

பெட்டி மூடும் நேரம்தான் எல்லாவற்றிலும் கடினம். அப்போது விழுந்து அழுவார்கள். பாட்டைப் பெரிதாக எடுத்து அதை அமுக்கப் பார்க்காதீர்கள். நான் கால்மாட்டில் நிற்பேன், ஒன்றும் சொல்ல மாட்டேன். ஐந்து நிமிடம் போகும், போகட்டும்.

கலப்புக் குடும்பங்கள் நிறைய. தாய் சபையில், தமையன் சைவம். வாய்க்கரிசி போட வேண்டும் என்று அவர் நிற்பார், வீட்டில் இரண்டு கட்சி. சாவு வீட்டில் வைத்து இதைத் தீர்க்க வெளிக்கிட்டால் அடிபிடியில் முடியும். முதல் நாள் இரவே தமையனைத் தனியாகச் சந்தித்து, உங்கள் ஆட்கள் செய்ய விரும்புவதை ஆராதனைக்கு முன் செய்து முடியுங்கள், அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கு நடக்கட்டும் என்று சொல்வேன். எங்கள் சபையில் சிலருக்கு இது பிடிக்காது. ஒரு தமையன் தன் தங்கையின் வாயில் நாலு அரிசி போட்டதால் எதுவும் குடிமுழுகிப் போகவில்லை என்பது என் எண்ணம். பெண்களும் சேமக்காலைக்கு வருவார்கள் என்பதையும் அவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே நின்று அதிசயப்படாமல்.

8. காசு உங்கள் கையில் வேண்டாம்

யாராவது உங்களிடம் காசைத் தந்து "ஐயா, நீங்களே பார்த்துச் செய்யுங்கோ" என்பார்கள். நம்பிக்கையில் சொல்வதுதான். வாங்காதீர்கள். வீட்டாரில் ஒருவரும் சபைக்குழுவில் ஒருவரும் சேர்ந்து ஒரு கொப்பியில் வரவு செலவு எழுதட்டும், துண்டுகளைப் பின்னால் குத்தி வைக்கட்டும். லண்டனில் இருந்து அனுப்பியவர் ஆறு மாதம் கழித்துக் கணக்குக் கேட்பார், அப்போது அந்தக் கொப்பிதான் கதைக்கும்.

ஊரில் மரண உதவிச் சங்கம் இருக்கிறதா, இறந்தவர் சந்தா கட்டியிருந்தாரா என்று முதல் நாளே கேளுங்கள். பந்தலும் கதிரையும் அங்கே சும்மா கிடைக்கலாம். அடக்கம் முடிய உங்கள் கைக்குள் திணிக்கிற என்வலப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கொள்கை. நான் ஏழை வீட்டில் வாங்குவதில்லை, மற்ற வீட்டில் வாங்கிச் சபைக் கணக்கில் போட்டுப் பற்றுச்சீட்டுக் கொடுத்துவிடுவேன். பெற்றோலுக்குச் சபையில் தனியாகக் கேட்டு வாங்குங்கள், அதில் வெட்கம் வேண்டாம், அந்த இரண்டு நாளில் மோட்டார் சைக்கிள் நூறு கிலோமீற்றர் ஓடியிருக்கும்.

9. அடக்கத்துக்குப் பிறகு

அன்றிரவே, நித்திரைக்கு முன், சபையின் அடக்கப் பதிவேட்டை எழுதுங்கள். பெயர், வயது, இறந்த தேதி, அடக்கிய தேதி, மரணச் சான்றிதழ் இலக்கம், கல்லறை எந்த வரிசையில். கணவருக்குப் பக்கத்து இடம் மனைவிக்கு என்று யாராவது கேட்டிருந்தால் அதையும் குறியுங்கள். கல்லறை கட்ட விண்ணப்பம் வந்தால் அளவு போட்டு எழுத்தில் அனுமதி கொடுங்கள், இல்லாவிட்டால் வெளிநாட்டுக் காசில் பக்கத்துக் குழியையும் சேர்த்து மூடிக் கட்டிவிடுவார்கள்.

கிழமை கழிந்து வீட்டுக்குப் போகும்போது ஜெபத்தோடு சேர்த்து இவற்றையும் கேளுங்கள். இறந்தவர் ஓய்வூதியம் எடுத்தவரா, அஸ்வெசும என்கிற அரச நலன்புரிக் கொடுப்பனவு பெற்றவரா? பிரதேச செயலகத்துக்கு அறிவித்தாயிற்றா? பேரன் வங்கி அட்டையைக் கொண்டுபோய் அடுத்த மாதப் பென்சனை எடுத்துவிட்டான் என்றால் அது திருப்பிக் கட்ட வேண்டிய காசு. ஓய்வூதியக்காரரின் மனைவிக்கு விதவை ஓய்வூதியத்துக்கு வழி இருக்கலாம், விண்ணப்பிக்க விவாகச் சான்றிதழ் கேட்பார்கள், அதை அலுமாரியில் தேட இப்போதே தொடங்கினால்தான் 31ஆம் நாளுக்குள் கிடைக்கும்.

31ஆம் நாள் நினைவு ஆராதனைக்கு உங்களைக் கேட்காமலே தேதி குறித்து அட்டை அடித்துவிடுவார்கள். அடக்கத்தன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள், அது ஞாயிறு ஆராதனை நேரத்தோடு முட்டினால் அன்றைக்கே சொல்லுங்கள்.

என் மோட்டார் சைக்கிள் பையில் இப்போது எந்த நேரமும் கிடப்பவை: விதானையார், பதிவாளர், குழி வெட்டுகிறவர் மூவரின் இலக்கங்கள் எழுதிய அட்டை, அளவு நாடா, இரண்டு பேனை, பாட்டுத் தாள் முப்பது, சேமக்காலைப் படம், மடக்குக் குடை, தண்ணீர்ப் போத்தல், ஒரு டோர்ச். டோர்ச்சுக்கு மாதம் ஒருதரம் பற்றரி பாருங்கள்.